நாய்க்குட்டி வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்துவிடுகிறதா? அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

புதிதாக வந்த நாய்க்குட்டி கூடத்தின் நடுவே நனைத்துவிட்டு ஓடினால், நாம் முதலில் துணியைத் தேடுகிறோம், பிறகு குட்டியைத் தேடுகிறோம். இரண்டுக்கும் முன்பாகக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஈரம் எப்போது நேர்ந்தது, எங்கே நேர்ந்தது, எவ்வளவு இருந்தது என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். இவை தெரியாமல் எந்தப் பயிற்சியைத் தொடங்கினாலும் அது இருட்டில் கல்லெறிவதாகத்தான் முடியும்.

ஆகவே எதையும் மாற்றும் முன் மூன்று நாட்களுக்கு ஒரு தாளைக் கதவில் ஒட்டி, குட்டி தூங்கி எழுந்த நேரம், உண்ட நேரம், விளையாடி ஓய்ந்த நேரம், வெளியே போன நேரம், வீட்டுக்குள் கழித்துவிட்ட நேரம் ஆகியவற்றை மணியும் நிமிடமுமாகக் குறித்து வாருங்கள். “காலையில் ஒருமுறை” என்று எழுதுவது பயன்படாது. “எழுந்து 4 நிமிடம் கழித்து, சோபாவின் பின்னால், உள்ளங்கை அகலம்” என்று எழுதினால்தான் பின்னால் வரும் தலைப்புகளுள் எது உங்களுக்குரியது என்பது தெரியும்.

உடலின் கணக்கையும் அறிந்துகொள்வது நல்லது. பிறந்த முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குத் தாய் நக்கித் தூண்டினால்தான் குட்டி கழிவை வெளியேற்றும். அதன் பின் அது தானாகவே படுக்கையை விட்டு நகர்ந்து போகத் தொடங்கும். ஏறத்தாழ ஐந்தாவது வாரத்திலிருந்து ஒன்பதாவது வாரத்துக்குள், எந்த வகைத் தரையில் போவது என்ற விருப்பம் அதற்குள் உருவாகிவிடும். நம் வீட்டுக்கு வரும்போதே அது பாதிப் பாடத்தை எங்கோ கற்று முடித்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. பகலில் அடக்கிவைக்கும் திறனுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, வயதை மாதத்தில் எடுத்து ஒன்றைக் கூட்டினால் வரும் மணிநேரம் என்பது. ஆனால் அது உச்சவரம்புதானே தவிர அட்டவணை அன்று. இரண்டு மாதக் குட்டி அமைதியாகப் படுத்திருந்தால் இரண்டு அல்லது மூன்று மணிநேரம் தாங்கலாம். அதே குட்டி துள்ளி விளையாடும்போது அரை மணிநேரம்கூடத் தாங்காது. எழுந்தவுடன், விளையாட்டு ஓய்ந்தவுடன், தண்ணீர் குடித்துச் சற்று நேரத்தில், உணவுக்குப் பின் ஐந்து முதல் முப்பது நிமிடத்துக்குள் வெளியே அழைத்துப்போவது என்ற ஒன்றை மட்டும் தவறாமல் செய்தாலே பாதி வீடுகளில் இந்தக் கட்டுரைக்கு வேலை இருக்காது.

வெளியே நின்றபோது ஒன்றுமில்லை, உள்ளே நுழைந்ததும் கால்மிதியிலேயே போய்விடுகிறது

குட்டி வளர்ப்போரின் புலம்பல்களில் இதற்கே முதலிடம். வெளியிலிருந்து பார்த்தால் வேண்டுமென்றே செய்வதுபோல் தோன்றும். உண்மையில் இதற்குப் பின்னே நான்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம்; நான்குக்கும் மருந்து வேறு.

முதலாவது, கவனச் சிதறல். குட்டிக்கு வெளியுலகம் முழுவதும் புதியது. பறக்கும் இலை, எறும்பு வரிசை, தொலைவில் ஒரு குரல் என்று எல்லாம் சேர்ந்து சிறுநீர்ப்பையின் நினைவையே அழித்துவிடுகின்றன. பழகிய தரைக்குத் திரும்பியதும் மனம் அடங்குகிறது, நினைவு வந்துவிடுகிறது. இதற்குத் தீர்வு, நீளமில்லாத கயிற்றில் பிடித்து, ஒவ்வொரு முறையும் அதே வழியில் அதே இடத்துக்குக் கொண்டுபோய், நீங்கள் மரம்போல் அசையாமல் நிற்பது. பேச வேண்டாம், விளையாட வேண்டாம், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நகரவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் உள்ளே வாருங்கள்; ஆனால் குட்டியைத் தரையில் விடாதீர்கள். மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அதன் கூண்டில் விடுங்கள், அல்லது கயிற்றை உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு அருகிலேயே வைத்திருங்கள். பத்து நிமிடம் கழித்து மீண்டும் அதே இடம். இந்தச் சுற்றை மூன்று முறை செய்யவும் நேரலாம். அலுப்பான வேலைதான், ஆனால் கால்மிதியில் போகும் வாய்ப்பை அடைத்துவிட்டால், அதற்கு எஞ்சியிருக்கும் வழி நாம் விரும்பும் இடம் ஒன்றுதான்.

இரண்டாவது காரணம் நம் வாய். என்னிடம் முதலில் வந்த குட்டி, வெளியே அழைத்துப்போன முதல் நாளன்றே முதுகை வளைத்து, வாலைச் சற்றே தூக்கி, எங்கோ பார்த்தபடி உட்கார்ந்தது. எனக்கு வந்த மகிழ்ச்சியில் “சபாஷ்!” என்று கூவிவிட்டேன். அது அந்த நொடியிலேயே எழுந்து, வாலையாட்டிக்கொண்டு என் காலைத் தேடி ஓடிவந்தது. நான் கொஞ்சினேன், பண்டம் கொடுத்தேன், உள்ளே அழைத்துவந்தேன். நிறுத்திவைத்த மீதியைக் கால்மிதியில் முடித்தது. நான்கு நாட்கள் இப்படியே நடந்த பிறகுதான் தவறு என் குரலில் இருப்பது எனக்கு உறைத்தது. குட்டி தொடங்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. முடித்து எழுந்து ஓரடி வைத்த பிறகே பாராட்டும் பண்டமும் வர வேண்டும். அந்தப் பண்டமும் சட்டைப்பையில் தயாராக இருக்க வேண்டும், ஏனெனில் உள்ளே வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், வாசலைத் தாண்டி வந்ததற்குப் பரிசு கிடைத்ததாகவே குட்டி கணக்கு வைத்துக்கொள்ளும்.

மூன்றாவது காரணம் நம் அவசரம். வேலை முடிந்ததும் உடனே உள்ளே இழுத்துவந்தால், சிறுநீர் கழித்தால் உலா முடிந்துவிடும் என்று குட்டி ஓரிரு வாரத்தில் புரிந்துகொள்ளும். புரிந்துகொண்ட பின் கழிப்பதை இயன்றவரை தள்ளிப்போடும். கழித்து முடித்த பிறகு ஐந்து நிமிடம் மோப்பம் பிடிக்கவும் ஓடவும் விட்டால் கணக்கு தலைகீழாக மாறிவிடும்.

நான்காவது, தரை. சிமென்டுத் தரையிலேயே வளர்ந்த குட்டியைப் புல்லில் நிறுத்தினால் அதற்கு அது கழிப்பிடமாகவே தோன்றாது. பழகிய தரைக்கு நெருக்கமான ஓர் இடத்தில் தொடங்கி, அதன் சிறுநீர் நனைந்த துணித்துண்டு ஒன்றைப் புதிய இடத்தில் போட்டுவைத்துச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். ஈரத்துக்கும் மழைக்கும் அஞ்சும் குட்டிக்கும் இதே நிதானம் தேவைப்படும்.

எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் போய்விடுகிறது

முன்னறிவிப்பு இருக்கிறது, மிகக் குறுகியது, அவ்வளவுதான். விளையாட்டை நடுவில் விட்டுவிடுதல், மூக்கைத் தரையில் ஒட்டிக்கொண்டு விரைவாக மோப்பம் பிடித்தல், ஒரே இடத்தில் வட்டமடித்தல், முன்பு போன மூலையின் பக்கம் நகர்தல் ஆகியவை அடையாளங்கள். எட்டு வார வயதில் இவற்றுக்கும் நனைவதற்கும் இடையே சில நொடிகளே இருக்கும் என்பதால், வேறு வேலை செய்துகொண்டே கண்டுபிடிக்க முடியாது. குட்டி விழித்திருக்கும் நேரத்தில் அது உங்கள் கண்ணில் இருக்க வேண்டும், இல்லையேல் கூண்டிலோ தடுப்புக்குள்ளோ இருக்க வேண்டும். இரண்டுமில்லாத இடைநிலையில்தான் விபத்துகள் நடக்கின்றன.

கதவில் மணி கட்டி, குட்டி மூக்கால் இடித்தால் வெளியே அழைத்துப்போகும் முறையைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது வேலை செய்யும். சில குட்டிகள் பூனையைப் பார்க்கவும் மணியடிக்கும் என்பதை மட்டும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்; அப்படி அடித்தால் கயிற்றில் கட்டிக் கழிப்பிடத்துக்கு மட்டும் அழைத்துப்போய், ஒன்றும் நடக்காவிட்டால் பேச்சின்றித் திரும்பிவிடுவதே சரி.

ஒரே மூலையில் திரும்பத் திரும்பப் போகிறது

நீங்கள் கழுவிவிட்ட இடம் குட்டியின் மூக்குக்கு இன்னும் கழிப்பிடமாகவே இருக்கிறது என்பது இதன் பொருள். சோப்புநீரும் மணமூட்டிய தரைத் திரவங்களும் நமக்கு வாடையை மறைக்கின்றன, நாய்க்கு மறைப்பதில்லை. அமோனியா கலந்த திரவம் நிலைமையை மோசமாக்கும். சிறுநீரில் உள்ள யூரியா சிதைந்து அமோனியா உண்டாவதால், அந்த வாடை குட்டியை அதே இடத்துக்கு அழைக்கும். பினாயிலையும் தவிர்க்கச் சொல்வேன், பீனால் வகைச் சேர்மங்கள் நாய்களுக்கு நஞ்சு, குட்டி நடந்த பாதத்தை நக்கும். ப்ளீச்சிங் திரவத்தைச் சிறுநீரின் மேல் ஊற்றுவதும் ஆகாது. அமோனியாவுடன் சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயுவை உண்டாக்கும்.

வேண்டியது நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவம். ஈரத்தை முதலில் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, சிறுநீர் பரவிய அளவுக்கும் சற்று வெளியே வரை அதை ஊற்றி, புட்டியில் குறித்துள்ள நேரம் முழுவதும் ஊறவிட வேண்டும். தெளித்த கையோடு துடைத்துவிட்டு “இது வேலை செய்யவில்லை” என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கம்பளம், மெத்தை போன்றவற்றில் மேற்பரப்பு மட்டும் நனைந்தால் போதாது, சிறுநீர் இறங்கிய ஆழத்துக்குத் திரவமும் இறங்க வேண்டும். பழைய கறைகள் எங்கே என்று தெரியாவிட்டால் இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் புறஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள். அவை மங்கலாக ஒளிரும். எத்தனை இடங்கள் என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

வாடை போன பிறகு அந்த மூலையின் பயனையே மாற்றிவிடலாம். உணவுத் தட்டையோ படுக்கையையோ அங்கே வைத்தால், உண்ணும் இடத்தையும் உறங்கும் இடத்தையும் அசுத்தப்படுத்த விரும்பாத இயல்பு நமக்கு உதவும்.

நான் பார்க்கும்போது போவதில்லை. சோபாவின் பின்னாலோ வேறு அறையிலோ போய்விடுகிறது

இந்த அறிகுறி தெரிந்தால், வீட்டில் யாரோ அந்தக் குட்டியைத் திட்டியோ அடித்தோ இருக்கிறார்கள் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். மூக்கை ஈரத்தில் தேய்க்க வேண்டும் என்று எனக்கும் ஒரு பெரியவர் அறிவுரை சொன்னதுண்டு. அப்படிச் செய்தால் குட்டி கற்றுக்கொள்வது, வீட்டுக்குள் போகக் கூடாது என்பதை அன்று; மனிதர் இருக்கும்போது போகக் கூடாது என்பதை. விளைவாக உள்ளே ஒளிந்து போகிறது, வெளியே கயிற்றின் மறுமுனையில் நாம் நிற்பதால் அங்கும் போவதில்லை. முதலில் சொன்ன கால்மிதிப் பிரச்சினையின் ஐந்தாவது காரணமாகக்கூட இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

“செய்தது தவறென்று அதற்கே தெரியும், முகத்தைப் பாருங்கள்” என்பார்கள். நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதையே சோதித்தது: நாய் தின்னக் கூடாததைத் தின்றதா இல்லையா என்பதைவிட, உரிமையாளர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே அந்தக் குற்றவாளி முகம் தோன்றியது. தின்னாத நாயும் திட்டு வாங்கியபோது அதே முகத்தைக் காட்டியது. காதைப் பின்னுக்கு மடித்துப் பார்வையைத் திருப்பிக்கொள்வது நம் கோபத்தைத் தணிக்கும் முயற்சி, ஒப்புதல் வாக்குமூலம் அன்று.

திருத்தும் வழி இது: நடந்து முடிந்ததைக் கண்டால் ஒன்றும் சொல்லாமல் துடையுங்கள். நடந்துகொண்டிருக்கும்போது கண்டால், மெல்லக் கைதட்டி நிறுத்தி, தூக்கிக்கொண்டு வெளியே போய், அங்கே முடித்தால் பாராட்டுங்கள். ஏற்கெனவே அஞ்சிப்போன குட்டிக்குக் கைதட்டலும் வேண்டாம். நீளமான கயிற்றில் விட்டு, நீங்கள் சற்றுத் திரும்பி நின்று, அது முடித்ததும் பண்டத்தைத் தரையில் நழுவவிடுங்கள். நம்பிக்கை திரும்பச் சில வாரங்கள் ஆகலாம்.

கூண்டுக்குள்ளேயே, படுத்த இடத்திலேயே போய்விடுகிறது

கூண்டு மிகப் பெரிதாக இருந்தால் குட்டி ஒரு மூலையில் உறங்கி மறுமூலையைக் கழிப்பிடமாக்கிக்கொள்ளும். நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் போதுமான இடமே வேண்டும். வளரும் குட்டிக்காகப் பெரிய கூண்டு வாங்கியிருந்தால் நடுவே தடுப்பு வையுங்கள். அளவு சரியாக இருந்தும் நனைகிறது என்றால், அடைத்துவைக்கும் நேரம் அதன் திறனை மிஞ்சுகிறதா என்று உங்கள் தாளைப் பாருங்கள். பகல் முழுதும் வீட்டில் ஆளில்லை என்றால் இரண்டு மாதக் குட்டியைக் கூண்டில் அடைத்துவிட்டுப் போவது தீர்வாகாது. நடுவில் ஒருவர் வந்து வெளியே விட வேண்டும், அல்லது தடுப்பு போட்ட பெரிய இடத்தில் படுக்கை ஒரு பக்கமும் ட்ரெயினிங் பேட் (சிறுநீரை உறிஞ்சும் விரிப்பு) மறுபக்கமுமாக அமைக்க வேண்டும்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் தொடர்ந்தால், பிறந்த இடத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். நெருக்கமான கூண்டில், தன் கழிவிலேயே படுத்து வளர நேர்ந்த குட்டிக்குப் படுக்கையைச் சுத்தமாக வைத்திருக்கும் இயல்பு மழுங்கிவிடும். அத்தகைய குட்டிக்குக் கூண்டுப் பயிற்சி பயன் தராது. கூண்டை விட்டுவிட்டு, மணிக்கொரு முறை வெளியே அழைத்துச் செல்லும் கடுமையான அட்டவணையை மட்டும் நம்புங்கள். துணி விரிப்பை எடுத்துவிட்டால் நிற்கும் குட்டிகளும் உண்டு, ஏனெனில் அவற்றுக்கு மெத்தென்ற துணியே கழிப்பிட நினைவு.

இரவெல்லாம் அழுகிறது, அல்லது இரவில் நனைக்கிறது

தாயோடும் உடன்பிறப்புகளோடும் ஒட்டிப் படுத்த உயிர் முதன்முறையாகத் தனியே கிடக்கிறது. “அழவிடுங்கள், பழகிவிடும்” என்ற அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லை; அழும் குட்டிக்குச் சிறுநீர் முட்டுகிறதா, தனிமை வாட்டுகிறதா என்று வேறு அறையில் இருந்துகொண்டு எப்படித் தெரியும்? கூண்டை உங்கள் படுக்கையின் அருகிலேயே, கை எட்டும் தூரத்தில் வையுங்கள். விரலை உள்ளே விட்டதும் அடங்கிவிட்டால் அது தனிமை. அடங்காமல் நெளிந்தால் அது அவசரம்.

இரவில் குட்டி பகலைவிட நெடுநேரம் தாங்கும், ஆனால் எட்டு, ஒன்பது வாரக் குட்டிக்கு நள்ளிரவில் ஒரு முறையோ இரண்டு முறையோ எழ வேண்டியிருக்கும். அழுகைக்குக் காத்திருக்காமல் அலாரம் வைத்து அதற்குச் சற்று முன்னால் எழுப்பி, விளக்கைப் பெரிதாகப் போடாமல், பேசாமல், தூக்கிக்கொண்டுபோய்த் திரும்பிவாருங்கள். சில இரவுகள் உலர்ந்திருந்தால் அலாரத்தைப் பதினைந்து நிமிடம் தள்ளுங்கள். கடைசி உணவைப் படுப்பதற்கு மூன்று நான்கு மணிநேரம் முன்னதாக முடிக்கலாம். தண்ணீரைப் பகலில் குறைப்பது மட்டும் கூடவே கூடாது. கிடைக்காது என்று அஞ்சும் குட்டி கிடைத்தபோது கிண்ணத்தையே காலி செய்யும்.

ஆளைக் கண்டதும் காலடியில் சொட்டுகிறது

இது கழிப்பிடப் பயிற்சியின் குறையே அன்று. குட்டி உடலைத் தாழ்த்தி, காதை மடித்து, சில சமயம் மல்லாந்து சொட்டினால் அது பணிவு. குதித்து வாலாட்டிக்கொண்டே சொட்டினால் அது பரவசம். இரண்டும் அதன் கட்டுப்பாட்டில் இல்லாதவை, திட்டினால் கட்டாயம் அதிகமாகும். வீட்டுக்கு வருவோர் குட்டியைப் பார்க்காமல், குனியாமல், சில நிமிடம் தம் வேலையைப் பார்க்கட்டும். பின்னர் பக்கவாட்டில் உட்கார்ந்து, தலைக்கு மேல் கையை நீட்டாமல், மார்பின் கீழே தடவட்டும். பெரும்பாலான குட்டிகளுக்கு ஒரு வயதுக்குள் இது தானே நின்றுவிடும். அதுவரை வரவேற்பை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்வது மிக எளிய வழி.

அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக. அல்லது தூக்கத்தில் கசிகிறது

இங்கே பயிற்சியை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். வெளியே போய்வந்த பத்து நிமிடத்தில் மீண்டும் உட்கார்வது, முக்குவது, சில சொட்டுகளே வருவது, சிறுநீரில் இரத்தம் தெரிவது, பிறப்புறுப்பை ஓயாமல் நக்குவது ஆகியவை சிறுநீர்ப் பாதைத் தொற்றின் அடையாளங்கள். பெண் குட்டிகளிடம் இது அதிகம். புதிதாகப் பிடித்த சிறுநீரைச் சுத்தமான சிறு பாத்திரத்தில் கொண்டுபோனால் பரிசோதனை விரைவாக முடியும். குட்டி தூங்கி எழுந்த இடம் எப்போதும் ஈரமாக இருந்தால், அல்லது நடக்கும்போதே கசிந்தால், சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் பிறவியிலேயே இடம் மாறித் திறந்திருக்கக்கூடும். இதை எந்த அட்டவணையாலும் சரிசெய்ய முடியாது, பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைதான் வழி. மிக அதிகமாகத் தண்ணீர் குடித்து மிக அதிகமாகக் கழிப்பதும் மருத்துவர் பார்க்க வேண்டியதே.

மலம் இளகி, நேரம் கெட்டுப் போய்க்கொண்டிருந்தால் குடற்புழு, ஒற்றைச்செல் ஒட்டுண்ணி, திடீர் உணவு மாற்றம் ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கலாம். புதிய உணவை ஏழு முதல் பத்து நாட்களில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்ற வேண்டும். தடுப்பூசி முழுமையடையாத குட்டி வாந்தியெடுத்து, இரத்தம் கலந்து கழித்து, சோர்ந்து கிடந்தால் அது குடலைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகும் பார்வோ வைரஸாக இருக்கலாம். அன்றே, அந்த மணியே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பேடில் சரியாகப் போகிறது, வெளியே போக மறுக்கிறது

பேட் என்பது வீட்டுக்குள் போகலாம் என்ற பாடம்தான்; மாடிக் குடியிருப்பில் வேறு வழியில்லாமல் பயன்படுத்தினாலும் அந்த விலையைத் தெரிந்தே கொடுக்க வேண்டும். மாற்றும்போது பேடை ஒரே நாளில் எடுத்துவிடாதீர்கள். நாளுக்கு ஓரடி வீதம் கதவை நோக்கி நகர்த்தி, பிறகு வாசலுக்கு வெளியே, பிறகு தரையில் விரித்து, அளவைக் கத்தரித்துக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கால்மிதியும் குளியலறை விரிப்பும் குட்டிக்குப் பேடாகவே தெரியும் என்பதால் அந்த வாரங்களில் அவற்றைச் சுருட்டி எடுத்துவையுங்கள்.

நன்கு பழகிய குட்டி திடீரென்று மறந்துவிட்டது

நான்கு முதல் ஆறு மாத வயதில் இது பெரும்பாலும் நம் தவறு: இரண்டு வாரம் விபத்தில்லை என்றதும் வீடு முழுவதையும் திறந்துவிட்டு, அட்டவணையையும் தளர்த்திவிட்டிருப்போம். குட்டிக்குக் கூடம் மட்டுமே வீடு. மூலை அறை அதற்கு வெளியூர். ஒரு படி பின்னால் போய்த் தொடங்கினால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். ஆறு மாதத்தைத் தாண்டிய ஆண் குட்டி காலைத் தூக்கிச் சுவரிலோ நாற்காலிக் காலிலோ சிறிதளவு பீய்ச்சினால் அது எல்லை குறித்தல். வாடையை நீக்குவதோடு கருத்தடை பற்றியும் மருத்துவரிடம் பேசுங்கள். அதே வயதில் பெண் குட்டி அடிக்கடி கழித்தால் முதல் இனச்சேர்க்கைப் பருவம் நெருங்குகிறதா என்று பாருங்கள். இவை எதுவும் பொருந்தாத திடீர் மாற்றத்துக்குத் தொற்றுப் பரிசோதனையே முதல் படி.

தடுப்பூசி முடியவில்லை, வெளியே எப்படி விடுவது?

குட்டிக்கான தடுப்பூசிகள் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளிகளில், பதினாறு வாரம் வரையாவது தொடரும். உலகைக் கண்டு அஞ்சாமல் பழகும் பருவமோ மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்கு வாரத்தில் மூடிக்கொள்கிறது. நாய்களின் நடத்தையை ஆராய்ந்த ஸ்காட், ஃபுல்லர் ஆகிய இருவரும் 1965-இல் வெளியிட்ட நெடுங்கால ஆய்விலிருந்தே இது நிலைபெற்ற செய்தி. தடுப்பூசிக்காகக் காத்திருந்தால் பழகும் பருவம் கடந்துவிடும். ஆகவே கழிப்பிடத்துக்குப் பிற நாய்கள் புழங்காத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தெருவையும் வாகன ஒலியையும் மனிதக் கூட்டத்தையும் கையில் தூக்கிக்கொண்டு காட்டுங்கள். தடுப்பூசி போட்ட, நலமான நாய்களுடன் மட்டும் பழகவிடுங்கள்.

கையையும் காலையும் கடிக்கிறது, கூப்பிட்டால் வருவதில்லை

இவையும் முதல் மாதத்திலேயே தலையெடுப்பவை என்பதால் இங்கே சேர்க்கிறேன். குட்டிக்கு 28 பால்பற்கள். மூன்றரை, நான்கு மாதத்தில் விழத் தொடங்கி ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். அதுவரை எதையாவது கடித்துக்கொண்டேதான் இருக்கும். பல் தோலில் பட்டதும் விளையாட்டை நிறுத்தி, அரை நிமிடம் எழுந்து விலகுங்கள். திரும்பி வந்ததும் கடிக்கத் தகுந்த பொருளை வாயருகே நீட்டுங்கள். கையை வெடுக்கென்று இழுத்தால் அது துரத்தும் விளையாட்டாகிவிடும். மாலையில் வெறிபிடித்ததுபோல் கடிக்கும் குட்டிக்குப் பெரும்பாலும் தூக்கம் போதவில்லை. நாளொன்றுக்குப் பதினெட்டு மணிநேரத்துக்குக் குறையாமல் உறங்க வேண்டிய வயது அது. உலாவிவிட்டுக் கூண்டில் படுக்கவைத்தால் ஐந்து நிமிடத்தில் உறங்கிப்போவதை நீங்களே காணலாம்.

கூப்பிட்டு வராத குட்டிக்கு, பெயரைச் சொல்லி அழைத்த பின் இதுவரை என்ன நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். குளியல், திட்டு, நகம் வெட்டுதல், விளையாட்டு முடிவு என்றால் வராமல் இருப்பதே அறிவுடைமை. அத்தகைய வேலைகளுக்கு நீங்களே எழுந்துபோய் அதைத் தூக்கிவாருங்கள். பெயர் சொல்லி அழைத்தால் பண்டம் மட்டுமே நடக்கட்டும்.

மலத்தைத் தின்னும் குட்டியைக் கண்டு பதறிக் கூச்சலிட்டால், அதை இன்னும் வேகமாக விழுங்கக் கற்றுக்கொள்ளும். கழித்ததும் பண்டத்தைக் காட்டி அழைத்து, மறுகையால் எடுத்து அகற்றிவிடுங்கள். குடற்புழு நீக்கத்தைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலத்தில் உள்ள உருளைப்புழு முட்டைகள் மண்ணில் சில வாரங்களில் தொற்றும் நிலையை அடைந்து குழந்தைகளையும் பாதிக்கும் என்பதால், அன்றன்றே அகற்றுவது இரட்டை நன்மை.

எப்போது வீட்டைத் திறந்துவிடலாம்?

தொடர்ந்து நான்கு வாரம் தாளில் ஒரு விபத்தும் பதிவாகவில்லை என்றால் ஓர் அறையைக் கூடுதலாகத் திறக்கலாம். குட்டி வெளியே கழித்துவந்த உடனே, உங்கள் கண்பார்வையில், அரை மணிநேரத்துக்கு மட்டும். அந்த அறையில் ஒரு வேளை உணவும் ஒரு குட்டித் தூக்கமும் நடக்கட்டும், அதுவும் வீடுதான் என்பது பதியும். இரண்டு வாரம் உலர்ந்திருந்தால் அடுத்த அறை. சிறுநீர்ப்பைத் தசைகள் நான்கு முதல் ஆறு மாதத்தில் வலுப்பெற்றாலும், முழு நம்பிக்கையோடு கதவுகளைத் திறந்துவிட்டுக் கடைக்குப் போய்வர ஒரு வயது ஆகும் குட்டிகள் நிறைய உண்டு. சிற்றினக் குட்டிகளுக்கு இன்னும் சற்றுத் தாமதமாகலாம்.